வண்டிக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். மாமா முன்னால், நான் பின்னால். எங்களுக்குப் பின்னால் வக்கீலின் கார், சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கப்பட்டு, புளியமரத்தடியில் நின்றது. நான் நான்கைந்து முறை திரும்பிப் பார்த்தேன். மாமா ஒரு முறையும் திரும்பவில்லை. மாசிக் கடைசி. ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளெல்லாம் அதன்மேல் ஏறி உளுந்தை உதிர்த்துக் கொடுத்தன. எங்கள் வண்டி ஒன்றுதான் அன்றைக்கு யாருக்கும் உதவாமல் நின்றது.

"செதம்பரம் இன்னும் எவ்ளோ தூரம் மாமா?"

"கோபுரம் தெரியுதில்ல? அவ்ளோதான்."

கோபுரம் தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வரவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம். தண்டவாளத்தை அகலப்படுத்துவதற்காக எங்கள் பக்கத்து ரயிலை நிறுத்தியிருந்தார்கள். என் அப்பா லாரியில் கிளீனராகப் போனவர், போன ஊரில் வேறு குடும்பமாகிவிட்டார். அம்மா என்னைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேர் மாமன் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். என் மாமன் வீடு என்பது மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் வீட்டு கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. மாமா கார் ஓட்டினார். அத்தை அந்த வீட்டிலேயே பாத்திரம் தேய்த்தாள். மாமா அந்த காரை ஓட்டும்வரை அந்த அறை எங்களுடையது. இது எனக்கும் தெரியும். ஏனென்றால் அத்தை தினமும் ஒரு முறையாவது அதை மாமாவுக்கு ஞாபகப்படுத்துவாள்.

அன்று காலை வக்கீலும் அவர் மனைவியும் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார்கள். மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டில் தட்டு மாற்றிக்கொள்ளும் நாள். பத்தரை மணிக்கு முகூர்த்தம். பழத்தட்டு சரியாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னதால் நானும் முன் சீட்டில் மடியில் ஒரு தட்டு ஆப்பிளோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதுமே மாமாவின் இடது கால் ஒரு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. கிளட்சை மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் பெடல் கீழேயே கிடந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து, தூண்டில் போட்டு மீனை இழுப்பதுபோல் மேலே இழுத்துவிடுவார். பார்வை ரோட்டில் இருக்கும், கை கியரில் இருக்கும், கால்விரல் மட்டும் தனியாக ஒரு வேலை பார்க்கும். உலகத்தில் எந்த டிரைவருக்கும் இந்த வித்தை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தைத் தாண்டியதும் அந்த வித்தையும் பலிக்கவில்லை. எஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. மாமா ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம்தான் ஏறியது. வண்டி, மாடு படுப்பதுபோல் மெல்ல மெல்ல ஓரமாக வந்து நின்றுவிட்டது.

வக்கீல் கோபக்காரர் இல்லை. காரணம் கேட்பவர். சாம்பாரில் உப்பு குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று கேட்பார்.

"ஏன் நின்னுச்சி?"

"கிளட்ச் புடிக்கல சார்."

"ஏன் புடிக்கல?"

"பாத்தாதான் சார் தெரியும்."

"கிளட்ச் மேல காலை வச்சிக்கிட்டே ஓட்டுனியா?"

"இல்ல சார். சத்தியமா அந்தப் பழக்கம் எனக்கு இல்ல."

"அப்ப வேற காரணம் இருக்கணும். சாயங்காலம் எனக்குச் சொல்லு. காரணம் தெரியாம இந்த வண்டியில என் குடும்பத்த ஏத்த மாட்டேன். காரணம் தெரியாத டிரைவரும் எனக்கு வேணாம்."

அந்தப் பக்கமாக வந்த டவுன் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். உட்கார இடமில்லை. பட்டுப்புடவையில் வக்கீலம்மா ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் ஆப்பிள் தட்டையும் பிடித்துக்கொண்டு நின்றதையும், கண்டக்டர் தட்டைத் தொடாமல் வளைந்து வளைந்து போனதையும் பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம்தான் நடக்க ஆரம்பித்தோம்.

வண்டி ஏன் நின்றது என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான் காரணம்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல், வெள்ளிக்கிழமை பெண்களுக்கு. அத்தை சின்னக் கிண்ணத்தில் நல்லெண்ணெயைக் காய்ச்சி, இரண்டு மிளகு போட்டு, உச்சந்தலையில் வைத்துத் தட்டுவாள். வைக்காவிட்டால் உடம்பு சூடாகிவிடும் என்பாள். மாமாவோ தினமும் வேலை முடிந்து வந்து, "வண்டி ரொம்ப சூடாவுது" என்பார். இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதற்கு அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

வண்டிக்குத் தலை எது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக இரண்டு டப்பாக்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டுக்கும் தலையில் கறுப்பு மூடி. மாமா ஒருநாள் அந்தச் சின்ன மூடியைத் திருகித் திறந்து எண்ணெய் மாதிரி ஏதோ ஊற்றியதை நானே பார்த்திருக்கிறேன். மிச்சமிருந்தது கிழமைதான். வண்டி ஆணா, பெண்ணா? அத்தையிடம் கேட்டேன்.

"அதுவா? உங்க மாமனோட ரெண்டாவது பொண்டாட்டி" என்றாள்.

ஆக, வெள்ளிக்கிழமை.

மாமா காலையில் வண்டியைத் துடைக்க பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வாளியில் தண்ணீர் பிடிக்கப் போவார். அத்தை தேய்த்துக்கொண்டது போகக் கிண்ணத்தில் மீந்த எண்ணெயை நான் கொண்டுபோய் ஊற்றிவிட்டு மூடிவிடுவேன். ஒரு கரண்டிக்குக் குறைவாகத்தான் இருக்கும். நான்கு வெள்ளிக்கிழமை. யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பில் எனக்கு உருப்படியாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

சிதம்பரத்தின் விளிம்பில், ரோட்டோரமாக, தகரக் கொட்டகை ஒன்று வந்தது. அந்த மெக்கானிக் லால்பேட்டைக்காரர். முப்பது வயதிருக்கும். துபாயில் ஆறு வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்திருந்துவிட்டுத் திரும்பி, இங்கே வந்தும் வண்டிகளுக்கு அடியிலேயே படுத்திருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

மாமா அப்போதுதான் குனிந்து பார்த்தார். செருப்பு காரிலேயே கிடந்தது. நான்கு கிலோமீட்டர் வெறும் காலோடு நடந்து வந்திருந்தார்.

"நல்ல டிரைவர்தான். ஏறுங்க" என்றார் மெக்கானிக்.

மூன்று பேரும் ஒரு மொபெட்டில் திரும்பிப் போனோம். மெக்கானிக் சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பானர் ஒரு முறை கிறீச்சிட்டது. உடனே எதுவோ அடைபட்டுக் கிடந்தது பீய்ச்சி அடிக்கும் சத்தம் கேட்டது. பெடல் பக்கத்திலிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம் வந்தது. வெளியே வந்தபோது அவர் கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது.

"உள்ள ஆயிலு மாட்டிக்கிட்டுத் திரும்பி வர வழியில்லாம நின்னுருக்கு மச்சான். காலை எடுத்தாலும் கிளட்ச் மிதிச்ச மாதிரியே இருந்துருக்கு. இப்ப தொறந்து வுட்டுட்டேன். கிளட்ச் புடிச்சிக்கும். ஆனா இனிமே பெடல மிதிச்சா ஒண்ணும் நடக்காது. கிளட்ச் இல்லாம நம்ம ஷெட்டு வரைக்கும் ஓட்டுவீங்களா?"

"பாத்துக்கலாம் பாய்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல ஊர்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பியதில்லை. மாமா வண்டியை முதல் கியரில் போட்டார். சாவியைத் திருகினார். வண்டி, பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இரண்டு துள்ளு துள்ளியது, மூன்றாவது துள்ளலில் உயிர் வந்து ஓட ஆரம்பித்தது. இடது காலை மடக்கிச் சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்தார். ஒரு கணத்தில் கியரை உருவினார், மூச்சை நிறுத்தினார், இரண்டு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் இரண்டாவது கியர் விழுந்தது. தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றிப் போடுகிற மாதிரி இருந்தது.

முன்னால் மெக்கானிக் மொபெட்டில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, மந்திரி வருவதுபோல் வழி விலக்கிக்கொண்டே போனார். உளுந்துச் செடிகளின்மேல் ஏறி நசநசவென்று போனோம். எங்கள் பங்குக்கு நாங்களும் உதிர்த்துக் கொடுத்தோம். பாதி வழியில் அறுத்த வயலிலிருந்து ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டில் ஏறியது. முந்நூறு இருக்கும். மேய்க்கிற ஆள் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"நிறுத்து மாமா!"

"நின்னா மறுபடி கெளம்புமான்னு தெரியாதுடா. பேசாம இரு."

மாமா காலை எடுத்துவிட்டார். வண்டி முனகிக்கொண்டு நடைவேகத்துக்கு வந்தது, அதற்கும் கீழே போனது. உடம்பு முழுவதும் உதறியது. அணைந்துவிடும் என்று நான் நினைத்த ஒவ்வொரு முறையும் மாமாவின் வலது கால் நூல் அளவு அழுத்தியது. வாத்துகள் இரண்டு பக்கமும் பிரிந்து ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டன. ஒரு வாத்துக்கும் ஓர் இறகுகூட உதிரவில்லை. கடைசி வாத்து தாண்டியதும் மேய்க்கிறவன் மாமாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். மாமா அதைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் எஞ்சினைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்கு வந்து சேர்ந்ததும் மெக்கானிக் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வாங்கி வரச்சொன்னார். குடிக்கத்தான் என்று நினைத்தேன். அவற்றை ஸ்டூலில் வரிசையாக வைத்தார். தன்னிடமிருந்த புது பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஒரு சொட்டை முதல் டம்ளரில் விட்டார். தண்ணீருக்குள் ஒரு நெளிவு தெரிந்தது, அவ்வளவுதான். சொட்டைக் காணவில்லை.

"இதுதான் கிளட்சுலயும் ஊத்துறது. தண்ணியோட சேந்துக்கும். இப்ப உங்க வண்டியோடத பாப்பம்."

காரின் சின்ன டப்பாவிலிருந்து ஒரு துணியை நனைத்து எடுத்து இரண்டாவது டம்ளரில் பிழிந்தார். கறுப்பாக ஒரு புகை கீழே இறங்கிக் கரைந்தது. மேலே, தண்ணீரின் நடுவில், வட்டமாக, மினுமினுப்பாக, ஒரு தங்கக்காசு மிதந்தது. டம்ளரை அசைத்தார். அது பல சின்னக் காசுகளாக உடைந்தது. நிறுத்தினார். மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. என் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதைக் காட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இன்றைக்கும் எங்காவது ஒரு டம்ளரில் எண்ணெய்ச் சொட்டைப் பார்த்தால் அந்தக் கொட்டகையின் தகரச் சூடு என் முதுகில் படும்.

மெக்கானிக் அந்தக் காசை விரலால் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்து, மோந்து பார்த்தார். அவர் முகம் கோணியது. மறுபடி மோந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"யா அல்லா! மச்சான், இது இட்லிப் பொடிக்கு ஊத்திக்கிறது! எவன் இதுல நல்லெண்ணெய ஊத்துனது?"

மாமா அந்த விரலைப் பிடித்து மோந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். சனிக்கிழமை என்பதால் என் தலையில் அன்று காலை அத்தை வைத்த எண்ணெய் சரியாகப் போகாமல் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"வாடா, மூஞ்சி கழுவிட்டு வரலாம்" என்று என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கூட்டிப்போனார். முகம் கழுவவில்லை. குந்தி உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார்.

"நீயா?"

"ஆமா மாமா. நாலு வாரமா. வெள்ளிக்கெழமயில." எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவழியாக விஷயம் வெளியே வந்துவிட்டது.

"எதுல ஊத்துன?"

"சின்ன டப்பாவுல."

"பெருசுல?"

"மொதல்ல பெருசுலதான் ஊத்தலாம்னு பாத்தேன் மாமா. அதான பெரிய தலை? மூடி கெட்டியா இருந்துச்சி. எவ்ளோ திருவுனாலும் தொறக்க வரல."

மாமா எழுந்து வேகமாக உள்ளே போனார். டம்ளரைக் கழுவி வேறு தண்ணீர் பிடித்தார். பெரிய டப்பாவின் மூடியை அவரே முழு பலத்தோடு திருகித் திறந்தார். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து டம்ளரில் விட்டார். நெளிந்து கரைந்து காணாமல் போனது. இன்னொரு சொட்டு. அதுவும் கரைந்தது. மூன்றாவதும் விட்டுப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த ஒரு பழைய டயரின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலது காலை நீட்டி, உள்ளங்காலைத் தரையில் அழுத்திக்கொண்டார்.

நடந்த களைப்பு என்று நினைத்தேன். பெரிய டப்பா பிரேக்குக்கு உரியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மெக்கானிக் வண்டியைப் பிரித்தார். கிளட்சின் மேல் சிலிண்டரிலிருந்தும் கீழ் சிலிண்டரிலிருந்தும் சுண்டுவிரல் நகம் அளவில் ரப்பர்கள் வந்தன. புது ரப்பரைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையது ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்கியது. தப்பான எண்ணெயில் ஊறி ஊறிப் பெருத்து, ஆயில் திரும்பி வருகிற ஊசித் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய வண்டி, இத்தனை இரும்பு, அத்தனையும் இந்தத் துண்டு ரப்பரின் பேச்சைக் கேட்டுத்தான் நிற்கிறது, ஓடுகிறது. அன்றைக்கு நான் பார்த்த அதிசயங்களில் எது பெரியது என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார். நடுவில் இருந்த டியூபையும், "எண்ணெ குடிச்ச டியூபு, நம்ப முடியாது" என்று தூக்கிப் போட்டார். புது ஆயிலை ஊற்றி, வழியெல்லாம் கழுவி, வெளியே விட்டார். மறுபடி ஊற்றி மறுபடி விட்டார். டம்ளரில் காசு மிதப்பது நிற்கும்வரைக்கும் ஓயவில்லை. அப்புறம் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"மிதி."

மாமா மிதித்தார்.

"புடி."

மாமா பிடித்தார். அடியில் திருகு திறக்கும், ஆயில் நுரைத்துக்கொண்டு வரும், திருகு மூடும்.

"வுடு."

முப்பது, நாற்பது முறை. நுரை குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அடியிலிருந்து குரல் கேட்டது: "மச்சான், உங்க கால் நல்ல கால். புடின்னா புடிச்ச எடத்துல நிக்குது. நம்ம பயலுக புடின்னா வுடுறானுங்க, வுடுன்னா டீ குடிக்கப் போயிடுறானுங்க."

மூன்று மணிக்குப் பெடல் விறைப்பாக மேலே வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வக்கீலும் வக்கீலம்மாவும் ரோட்டோரத்தில் தங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். சந்தனமும் ஜவ்வாதும் மணத்தன. காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. வக்கீல் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"என்ன காரணம்?" என்றார்.

மாமா வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டார். இப்படி ஒரு செய்தியை எவ்வளவு நேரம்தான் அடக்கி வைத்திருப்பது? "சார், துபாய்ல ஒட்டகப் பால ரேடியேட்டர்ல ஊத்துனவன பாத்துருக்கேன். கிளட்சுல நல்லெண்ணெய இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

மாப்பிள்ளை வீட்டு டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான். வக்கீலின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"யாரு ஊத்துனது?"

நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக்கூடாதுதான். ஆனால் கேட்டால் சொல்லலாம்.

"நான்தான் சார்" என்றார் மாமா. அவர் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. "ஆயிலு கொறஞ்சிருந்துச்சி. அவசரத்துக்கு வீட்ல இருந்தத ஊத்திட்டேன்."

"எத்தன வருஷமா வண்டி ஓட்டுற?"

"பதினோரு வருஷம் சார்."

"பதினோரு வருஷம் ஓட்டுனவன் இதப் பண்ணுனேன்னு சொல்ற." வக்கீல் நம்பவில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் இடம் கொடுத்து நிறுத்தினார். மாமா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. "என் பொண்ணு நாளைக்கு இந்த வண்டியிலதான் ஏறும். இன்னொரு நாளு அவசரத்துக்கு பிரேக்குல எதையாச்சும் ஊத்த மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

மாமா தான் முன்பு உட்கார்ந்திருந்த அந்த டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடு. ரூம ஒரு வாரத்துல காலி பண்ணிக்க."

மாமா சாவியைத் துணியில் துடைத்துக் கொடுத்தார். வக்கீலம்மா என் கையில் ஓர் ஆப்பிளை வைத்துவிட்டு, மாமாவைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டு டிரைவர்தான், தன் காரைக் கொட்டகையோரம் பூட்டிவைத்துவிட்டு, எங்கள் வண்டியை எடுத்தான். மாமாவின் செருப்பை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கிளப்பினான். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுத்தமா எடுக்குது பாய்" என்றார்.

மெக்கானிக் அப்போது சிரிக்கவில்லை. மாமாவையும் பார்த்தார், என் தலையையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

கடலூர் பஸ்ஸில் நான் மாமாவோடு பேசவில்லை. ஆப்பிளையும் தின்னவில்லை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழையும்போது மாமாவே கேட்டார். "என்னடா, உம்முன்னு வர்ற?"

"நான்தான ஊத்துனேன்? நீ ஏன் நீ ஊத்துனதா சொன்ன?"

நான்கு வாரம். நான்கு கிண்ணம். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லாமல் செய்தது. அத்தனை பேர் முன்னால் தங்கக்காசாக மிதந்தபோது அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டார். மாமாவுக்கு இப்படி ஒரு குணம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"தப்புதான்டா. நாளைக்குப் போயி மெக்கானிக்கிட்ட மாத்திச் சொல்லிடுறேன். சரியா?"

சரி என்றேன். ஆப்பிளில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

அத்தையிடம் மாமா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைத் திட்டவில்லை. நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்து மேல் பரணில் வைத்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் எத்தனை அறைகளில் இருந்தோம், நான் எந்த வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதெல்லாம் வேறு கதை. அவற்றுக்கும் என் நான்கு கிண்ணத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கணக்குப் போட எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் மாமாவிடம் கேட்கிற தூரத்தில் நான் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சொன்ன சொல் தவறாமல் மாமா என்னை முதல் பஸ்ஸில் கூட்டிப்போனார். மெக்கானிக்குக் கடை லீவு வெள்ளிக்கிழமைதான். கொட்டகையில் வேறொரு கார் முன் சக்கரம் இரண்டும் இல்லாமல் ஜாக்கியின்மேல் நின்றது. அதற்கு அடியில் அதே இரண்டு கால்கள்.

"பாய்" என்றார் மாமா. "நேத்து ஒண்ணு தப்பா சொல்லிட்டேன். ஊத்துனது இவன்தான்."

அடியில் ஒரு ஸ்பானரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும் மச்சான்" என்றது குரல். "மண்டையிலதான் எழுதியிருந்துச்சே. வேற வண்டி பாத்துட்டீங்களா?"

"இல்ல பாய்."

"இங்க ஒரு கால் வேணும். ஏறி உக்காருங்க."

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். நான் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

"மிதி."

"புடி."

"வுடு."

மத்தியானத்துக்குள் மாமா மூன்று கார்களில் மாறி மாறி உட்கார்ந்தார். ஒரே நாளில் மூன்று கார் ஓட்டுகிற டிரைவரை நான் கடலூரில் பார்த்ததே இல்லை. இப்படிப்பட்ட உத்தியோகம் மாமாவுக்குக் கிடைக்க என் எண்ணெய்தான் காரணம் என்பதை யாரிடம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே, ஜாக்கியின்மேல் நின்ற அந்தக் காரில், அவர் மிதிக்கும்போதெல்லாம் நானும் வெறும் தரையில் என் காலை அழுத்திக்கொண்டிருந்தேன்.